மலைவளம் காணும் உரிமையும் கடமையும்

மலை யாருக்குச் சொந்தம்? அம்மலையைப் போர்த்திருக்கும் காடு யாருக்குச் சொந்தம்? தேனாம்பேட்டையில் நின்றுகொண்டு இக்கேள்வியைக் கேட்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இப்பேட்டையில் மலையும் இல்லை, காடும் இல்லை. அண்ணா சாலையில் இரவும் பகலும் ஓடும் வண்டிகளும், அச்சாலையின் அடியில் 2018-ஆம் ஆண்டு முதல் ஓடும் சுரங்க ரயிலும், காமராசர் அரங்கமும், மருத்துவத் துறையின் பெரு வளாகமும், அவற்றின் பின்னே சந்து சந்தாக நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுமே இங்குள்ளோர் நாள்தோறும் காணும் காட்சி. ஆயினும் இக்கேள்வி இத்தகைய இடத்திலேதான் கேட்கப்பட வேண்டும். விடுமுறை வந்ததும் மலையை நாடிப் புறப்படும் கூட்டம் நகரங்களிலிருந்தே புறப்படுகிறது. மலைக்கு நலம் விளைப்பதும் கேடு விளைப்பதும் அக்கூட்டத்தின் கையில் இருக்கின்றன.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். 2004-ஆம் ஆண்டு முதல் வீராணம் ஏரியின் நீர் குழாய் வழியே சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறது. வீராணத்தை நிரப்புவது காவிரி. காவிரி குடகு மலையில் பிறந்தவள். அவளோடு கூடும் பவானி நீலகிரிப் பக்கத்துக் காடுகளில் ஊறிப் பெருகியவள். 1996-ஆம் ஆண்டு முதல் பூண்டி ஏரிக்கு வந்து சேரும் கிருஷ்ணா நீரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் தோன்றியதே. ஆகவே சென்னைவாசி ஒருவர் காலையில் நிரப்பும் குடத்தில் ஒரு பங்கேனும் மலை தந்த நீர். அந்த மலையை அவர் கண்டதில்லை. அதன் புல்வெளி எரிந்தாலும், அதன் சோலை அழிந்தாலும் அவருக்குச் செய்தி எட்டுவதில்லை. தாய் முகம் அறியாமல் பால் குடிக்கும் பிள்ளை போன்ற நிலை இது.

மலைவளம் காணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சேரன் செங்குட்டுவன் தன் தேவியுடனும் பரிவாரத்துடனும் மலைவளம் காணச் சென்றான் என்றும், ஆங்கே குன்றத்து மக்கள் அவனைக் கண்டு தாங்கள் கண்ட அதிசயத்தை உரைத்தனர் என்றும் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. அரசன் இயற்கை அழகைக் காணப் போனான். கண்ணகியின் செய்தியைக் கேட்டுத் திரும்பினான். மலைக்குச் செல்பவர் மலையில் வாழ்பவரின் சொல்லைக் கேட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டியதில்லை. பின்வந்த காலங்களில் நம் ஜனங்கள் தெய்வத்தின் பெயரால் மலையேறினர். வெள்ளியங்கிரிக்கும், பருவதமலைக்கும், சதுரகிரிக்கும், பொதிகைக்கும் கையில் தடியும் மடியில் கட்டுச்சோறுமாகச் சென்றவர் கோடி பேர். அவர்கள் அதற்கு உல்லாசம் என்று பெயரிடவில்லை, யாத்திரை என்றனர். உடல் வருந்தி ஏறுவதே பலன் என்று கருதினர்.

வேலியிட்ட காலம்

அந்நிய ஆட்சியில் மலைக்கும் மக்களுக்கும் இடையே வேலி எழுந்தது. 1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். சில பத்து ஆண்டுகளுக்குள் உதகை வெள்ளையரின் வாசஸ்தலமாயிற்று. பின்னர் கோடைக்காலம் வந்தால் சென்னை ராஜதானியின் சர்க்காரே மலைக்குக் குடிபெயர்ந்தது. சமவெளியில் ஜனங்கள் வெயிலிலும் பஞ்சத்திலும் வாடும்போது, அவர்களை ஆளுவோர் குளிர்ந்த மாளிகைகளில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டினர். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகை வரையிலும் மலை ரயில் ஓடலாயிற்று. இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ 2005-இல் ஏற்றுக்கொண்ட அந்த ரயில், அன்று யாருடைய சௌகரியத்துக்காக இடப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

காட்டின் கதையும் அவ்வாறே. 1856-ஆம் ஆண்டில் டாக்டர் கிளெக்ஹார்ன் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. ரயில் பாதைக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. ஆனைமலையில் மரங்களை வெட்டி உச்சியிலிருந்து சரிவில் தள்ளிய இடத்துக்கு ‘டாப்ஸ்லிப்’ என்ற பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்கி எல்லை வகுத்தது. அதுவரை விறகு பொறுக்கியவரும், ஆடு மாடு மேய்த்தவரும், தேனும் கிழங்கும் எடுத்தவரும் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர். 1921-இல் பல்நாட்டு விவசாயிகள் வனச் சத்தியாக்கிரகம் செய்ததும், 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் மன்னியத்து மலைமக்கள் ஆயுதம் ஏந்தியதும் அச்சட்டத்தின் கொடுமை பொறாமலேயே. அன்றைய சென்னை ராஜதானியின் சுதந்திரப் போராட்ட வரலாற்றில் காட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

மலைமக்களுக்கு மறுக்கப்பட்ட காடு வேட்டைக்காரத் துரைமார்களுக்குத் திறந்திருந்தது. நீலகிரிக்கென்றே 1879-ஆம் ஆண்டில் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தால் சில உயிர்கள் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி பிடித்தவர்களின் விளையாட்டு நீடிக்க வேண்டும் என்பதே அதன் மூல நோக்கம். நன்மை செய்த வெள்ளையரும் இல்லாமற் போகவில்லை. வெட்டி வெறுமையான ஆனைமலைத் தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் 1933-இல் இறந்தார். அவர் விரும்பியபடியே அம்மரங்களின் நிழலில் அடக்கம் செய்யப்பட்டார். தனி மனிதரின் நற்குணத்தைப் போற்றுவோம். ஆட்சிமுறையின் அநீதியை அதனால் மறைக்க இயலாது.

சுயராஜ்யம் வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டமும், 2006-இல் வனவாழ் மக்களின் உரிமைச் சட்டமும் பிறந்தன. கிண்டியில் கவர்னரின் வேட்டைக்காடாக இருந்த நிலம் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. தேனாம்பேட்டையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 270 ஹெக்டேர் பரப்பில், வெளிமானும் புள்ளிமானும் இன்றும் அங்கே திரிகின்றன. கவர்னரின் தோட்டம் பிரஜையின் சொத்தாயிற்று. நமது கேள்விக்கு விடை அதிலேயே அடங்கியிருக்கிறது. காடும் மலையும் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது. இனிப் பிறக்கப் போகும் மக்களுக்கும் பொது.

அழகு எது?

பொதுச்சொத்து என்று சொல்லிவிட்டால் போதாது. அச்சொத்து இன்னதென்று அறிய வேண்டும். மலைக்குச் செல்லும் நம்மவர் எதைக் கண்டு மகிழ்கின்றனர்? உதகையிலும் கோடைக்கானலிலும் வானளாவிய பைன் மரங்களின் இடையே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். தைல மரத்தின் வாசனையை மலையின் வாசனை என்று எண்ணி மகிழ்கின்றனர். அந்தப் பைனும், தைல மரமும், சீகை மரமும் நம் மலையில் தோன்றியவை அல்ல. அந்நியர் கொண்டுவந்து நட்டவை. சுயராஜ்ய சர்க்காரும் விறகுக்கும் ஆலைக்கும் வேண்டுமென்று பல்லாண்டுகள் தொடர்ந்து நட்டவை.

நம் உயர்மலையின் இயற்கைத் தோற்றம் வேறு. மேட்டில் அலை அலையாகப் புல்வெளி. பள்ளத்தில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. இரண்டின் இடையே கண்ணாடிபோல் ஓடும் நீரோடை. மரமில்லாத புல்வெளியைக் கண்ட வெள்ளைக்கார அதிகாரி அதனைப் ‘பாழ்நிலம்’ என்று எழுதிவைத்தார். அப்பாழ்நிலம்தான் மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஆற்றுக்கு விடும் களஞ்சியம். வரையாடு மேய்வது அப்புல்லில். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி பூப்பது அப்புல்லில். 2006-இலும் 2018-இலும் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். நம் மாநில விலங்காகிய வரையாட்டின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303. ஒரு பெரிய மாநிலம் முழுவதிலும் உள்ள தொகை இவ்வளவே. தேனாம்பேட்டையின் ஒரு தெருவில் இதனினும் மிகுதியாக மனிதர் வாழ்கின்றனர்.

இவ்வுண்மையை அறியாதவர் முக்குருத்தியின் புல்வெளியைக் கண்டால், ‘இங்கே மரம் நடலாமே’ என்பார். அறிந்தவரோ சீகை மரம் பரவுவதைக் கண்டு கவலையுறுவார். அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலை முதலிய காடுகளின் அடிநிலத்தை மூடி, மானுக்கும் யானைக்கும் மேய்ச்சல் இல்லாமற் செய்துவருகிறது. அச்செடியின் தண்டைக் கொண்டே கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர் ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானை உருவங்களைப் பின்னினர். 2021-இல் அவ்வுருவங்கள் லண்டன் நகரப் பூங்காக்களில் வைக்கப்பட்டு உலகின் கவனத்தை ஈர்த்தன. கேட்டிலிருந்தும் தொழில் காணும் திறமை நம் மலைமக்களிடம் உண்டு. அந்நியர் கண்ணால் நம் மலையைக் காண்பதை விட்டு, நம் கண்ணால் காணக் கற்றுக்கொள்ள வேண்டும். அக்கல்வியைப் புத்தகம் ஓரளவே தரும். மிகுதியைக் கால்நடையாகச் சென்றுதான் பெற வேண்டும்.

குரங்கணி கற்பித்த பாடம்

கால்நடையாகச் செல்வது என்றதும் நெஞ்சை உறுத்தும் நினைவு ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து சென்றவர் ஒரு பகுதியினர். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் மற்றொரு பகுதியினர். பெரும்பாலோர் இளைஞர், அவர்களுள் பெண்கள் பலர். மலையடிவாரக் கிராமத்தார் முதலில் ஓடிச்சென்று, காயமுற்றோரைத் தூக்கி இறக்கினர். பின்னர் விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. அன்று மாண்டவரும், ஆஸ்பத்திரிகளில் நாட்கணக்கில் போராடிப் பின்னர் மாண்டவருமாக 23 பேர் உயிரிழந்தனர்.

அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினர். விசாரணையும் நடந்தது. குற்றம் யாருடையது என்ற வழக்கை இங்கே மீண்டும் நடத்துவது நம் நோக்கமன்று. மாண்டவர் நம் வீட்டுப் பிள்ளைகள் போன்றவர். வாரம் முழுவதும் கணினி முன் அமர்ந்து உழைத்து, இரண்டு நாள் நல்ல காற்றைச் சுவாசிக்கச் சென்றவர். அவர்கள்மேல் பழி கூறுவோர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு மலையின் இயல்பைக் கற்பித்தவர் யார்? எந்தப் பள்ளிக்கூடம் கற்பித்தது?

மாசி பங்குனியில் புல்வெளி காய்ந்து சருகாகி நிற்கும். தீ சமநிலத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வெகு வேகமாக ஓடும். கீழே எழும் அனல் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதால், அப்புல் பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதன் ஓடித் தப்புவது அரிது. தீயைக் கண்டவர் அதற்கு மேற்புறமாக ஏறி ஓடுதல் பெருந்தவறு. பள்ளத்தாக்கின் இடுக்கில் பதுங்குதலும் ஆபத்தே. இடுக்கு புகைபோக்கிபோல் அனலை இழுத்துக்கொள்ளும். புல்லற்ற பாறைப் பரப்பு, முன்னரே எரிந்து ஆறிய நிலம், நீரோடும் அகன்ற ஓடை ஆகியவையே புகலிடம். செயற்கை நூலாடை உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியாடை அவ்வாறு உருகாது. இச்சிறு விஷயங்கள் மலைமக்களின் குழந்தைக்கும் தெரியும். நகரத்துப் பட்டதாரிக்குத் தெரியாது. உடன் சென்ற வழிகாட்டி உள்ளூர்க்காரனாக இருப்பது எத்துணை அவசியம் என்பதை இதனால் அறியலாம்.

மலையின் ஆபத்து தீ ஒன்றோடு முடிவதில்லை. 2024-ஆம் ஆண்டில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்களுள் சிலர் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் உயிர் நீத்தனர். பக்தி இருதய நோய்க்கு மருந்தாகாது. ஏறுமுன் வைத்தியரைக் கண்டு உடல்நிலையை அறிந்துகொள்வது கோழைத்தனமும் ஆகாது.

பூட்டும் திறவுகோலும்

குரங்கணிக்குப் பின் இருவகை அபிப்பிராயங்கள் எழுந்தன. ‘மலையை முற்றும் பூட்டிவிடுக’ என்றனர் ஒரு சாரார். ‘பெரியவர்கள் தம் பொறுப்பில் செல்கின்றனர், சர்க்கார் தடுப்பானேன்?’ என்றனர் மற்றொரு சாரார். இரண்டும் பிழையான வாதங்கள் என்பது நம் துணிபு. முற்றும் பூட்டினால், காட்டில் நடப்பது ஜனங்களின் கண்ணுக்கு மறையும். மரம் திருடுவோருக்கும், மலையைக் குடைவோருக்கும், யானை வழித்தடத்தில் விடுதி கட்டுவோருக்கும் அதைவிட அனுகூலம் வேறில்லை. கண்டறியாத காட்டுக்காகக் குரல் கொடுக்கும் பிரஜை எங்கிருந்து வருவான்? முற்றும் திறந்துவிட்டாலோ, ஒருவன் அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு ஒரு மலைப்பக்கத்தையே சாம்பலாக்கும். அவனுடைய ‘பொறுப்பு’ அச்சாம்பலை மீண்டும் புல்லாக்குமா?

2018-ஆம் ஆண்டிலேயே சர்க்கார் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. பின்னர் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வனத்துறையும், தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை மலையேற்றத்துக்கென்று திறந்தன. எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று அப்பாதைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கோத்தகிரியின் லாங்வுட் சோலையும், டாப்ஸ்லிப்பிலிருந்து செல்லும் பண்டாரவரைப் பாதையும், வெள்ளியங்கிரியும், பருவதமலையும் அவற்றுள் அடங்கும். குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் உண்டு. சென்னைக்கு அண்மையில், திருவள்ளூர் மாவட்டத்தில், கற்கால மனிதரின் தடயங்கள் கிடைத்த குடியம் குகைகளுக்குச் செல்லும் பாதையும் உண்டு. முன்னரே பெயர் பதிய வேண்டும். பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார். தீப்பற்றும் காலமாகிய பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை 2025-ஆம் ஆண்டில் பாதைகள் மூடப்பட்டன.

இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொள்வது பத்திரிகையின் தர்மமாகாது. கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது. மிகையென்று முறையீடு எழுந்தபின் குறைக்கப்பட்டது. குறைத்தும் என்ன? தேனாம்பேட்டையில் கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும் சென்று பிழைப்போரின் பிள்ளைக்கு அத்தொகை எட்டுமா? பஸ் கட்டணமும் சோற்றுச் செலவும் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் வாரச் சம்பளம் போய்விடும். அன்று துரைமாருக்குத் திறந்திருந்த மலை, இன்று பணமுடையோருக்கு மட்டும் திறந்திருக்குமாயின், வேலியைப் பிடுங்கினோம் என்று நாம் பெருமை கொள்ள இடமில்லை. வேலியை வேறிடத்தில் நட்டோம் என்பதே பொருளாகும்.

மலைமக்களின் பங்கு

கட்டணத்தினும் பெரிய கேள்வி மற்றொன்று. ஆனைமலையில் காடரும் மலசரும், பழனி மலையில் பளியரும், நீலகிரியில் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும், பொதிகையில் காணிக்காரரும் வாழ்கின்றனர். வனம் ‘ஒதுக்கப்படு’முன்பே அவர்கள் அங்கே இருந்தனர். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய நிலத்துக்கும், காட்டு விளைபொருளுக்கும், கிராமத்தின் கூட்டு உரிமைக்கும் இடம் தந்தது. தமிழ்நாட்டில் அச்சட்டம் பல்லாண்டு காலம் நீதிமன்ற வழக்கில் சிக்கித் தாமதமாயிற்று. பட்டா பெற்றவர் உண்டு. பெறாமல் காத்திருப்பவரும் உண்டு. நகரத்தார் காசு கொடுத்து நடக்கும் பாதையில், அப்பாதையை வகுத்தவரின் பேரன் உரிமைச் சீட்டுக்காக அலுவலகப் படியேறி நிற்பது நியாயமாகுமா?

பழங்குடி வாலிபரையும் அடிவார வாலிபரையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் பாதை மூடப்படும் இரண்டு மாதங்களிலும், அடைமழை நாட்களிலும் அவர்கள் எதை உண்பர்? அக்காலத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையும், சீகையும் உண்ணிச்செடியும் களையும் வேலையும், நீரோடை காக்கும் வேலையும் அவர்களுக்கே உரியனவாதல் வேண்டும். காட்டைக் காப்பவன் கூலிக்காரனாக மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பாதையைத் திறக்கலாம், எத்தனை பேரை விடலாம், எந்தக் காலத்தில் மூடலாம் என்று தீர்மானிக்கும் சபையில் அவனுக்கு வாக்கு இருத்தல் வேண்டும். சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு மலையிலும் அதுவே பொருள்.

கூட்டமும் குப்பையும்

நடந்து செல்பவர் சிலரே. மோட்டாரில் செல்பவர் பல லட்சம். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளால் மலை திணறியதைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றம், 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி முதல் இ-பாஸ் பெற்றே அங்கே செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கோடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டப்பட்டது. பிழைப்புக் கெடும் என்று மலைநகர வியாபாரிகள் முறையிட்டனர். அவர்களுடைய கவலை பொய்யன்று. ஆனால் குடிக்க நீரின்றியும், நடக்க இடமின்றியும், குப்பை மலையாகவும் போன ஊருக்கு நாளை யார் வருவார்? வரம்பு கட்டியது வியாபாரத்தை அழிக்கவன்று. அதன் வேரைக் காக்கவே.

இவ்விஷயத்தில் பொதுப் போக்குவரத்தைப் பெருக்குவதே நேரிய வழி. ஒரு பஸ்ஸில் ஏறும் 50 பேர் தனித்தனிக் கார்களில் சென்றால் அடைக்கும் சாலை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏழைக்கும் மலை எட்டும். மலையும் மூச்சு விடும். பிளாஸ்டிக் சங்கதியும் அவ்வாறே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு முழுவதும் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து சர்க்கார் தடை செய்தது. நீலகிரியில் அதற்கு வெகுகாலம் முன்பே தடை வந்துவிட்டது. இருந்தும் மலைப்பாதையின் ஓரத்தில் கிடக்கும் பைகளை யானையும் மானும் தின்று மாள்கின்றன. சட்டம் நாட்டில் இருக்கிறது. அதை நடத்தும் மனம் மலையேறும்போது கீழேயே தங்கிவிடுகிறது.

செய்ய வேண்டுவன

சர்க்காருக்கு நாம் கூற விரும்புவன சில. பாதைகளுள் எளியவற்றில், வாரத்தில் ஒரு நாளாவது மாநகராட்சிப் பள்ளி மாணவருக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கும் கட்டணமின்றி இடம் தருக. குடியம் குகைப் பாதை சென்னை மாணவருக்கு இயற்கைப் பாடமும் சரித்திரப் பாடமும் ஒருங்கே கற்பிக்கும். வழிகாட்டிகளுக்கு ஆண்டு முழுவதும் வேலையும், விபத்துக் காப்புறுதியும் உறுதி செய்க. காட்டு உரிமைச் சீட்டுகளைத் தாமதமின்றி வழங்குக. ஒவ்வொரு பாதையிலும் எத்தனை பேர் சென்றனர், எவ்வளவு பணம் வந்தது, அதில் மலைமக்களுக்குச் சென்ற பங்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் ஜனங்கள் அறிய வெளியிடுக. பொதுச்சொத்தின் கணக்குப் பொதுவில் இருத்தலே முறை.

நேயர்களுக்கும், சிறப்பாகத் தேனாம்பேட்டைப் பகுதியின் தொண்டர்களுக்கும் வாலிபர் சங்கங்களுக்கும் நாம் கூற விரும்புவனவும் சில. மாநகராட்சியின் 9-ஆம் மண்டலம் இப்பேட்டையின் பெயரையே தாங்கி நிற்கிறது. இங்கே கட்சிக் கிளைகளுக்கும், மன்றங்களுக்கும், நற்பணி இயக்கங்களுக்கும் குறைவில்லை. கொடியேற்றுகிறீர்கள்; ஊர்வலம் நடத்துகிறீர்கள்; பிறந்தநாள் விழாவுக்குத் தட்டியும் தோரணமும் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் தெருவின் 20 பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலில் கிண்டிக்குச் செல்லுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை. அடுத்தபடி குடியம் செல்லுங்கள். பின்னர் ஏலகிரி, ஜவ்வாது, ஏற்காடு என்று படிப்படியாக உயருங்கள். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குரங்கணித் துயரத்தைக் காட்டி அவர்களை வீட்டில் பூட்டிவைப்பது மாண்டவர்க்குச் செய்யும் மரியாதையாகாது.

செல்லுமுன் அனுமதி பெறுங்கள். அனுமதி பெற்ற பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். தீப்பெட்டியும் மதுவும் காட்டுக்குள் புகலாகாது. பாட்டுப்பெட்டி வேண்டாம், யானை இருக்குமிடத்தைச் செவிதான் முதலில் உணர்த்தும். வழிகாட்டி ‘நில்’ என்றால் நில்லுங்கள்; ‘திரும்பு’ என்றால் திரும்புங்கள். உச்சியை எட்டாமல் திரும்புவதில் அவமானமில்லை. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். கொண்டு சென்ற பொருளில் ஒரு துண்டுக் காகிதமும் அங்கே தங்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். அடிவாரத்து ஊரில் சோறு வாங்கி உண்ணுங்கள். அவ்வூராருக்கும் நாலு காசு சேரட்டும். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஓடை வற்றிற்று, எந்தப் பழமரம் அழிந்தது, எந்தப் பக்கம் யானை வருகிறது என்று கேளுங்கள். கேட்டதைச் சென்னைக்கு வந்து சொல்லுங்கள். சட்டசபையிலும் பத்திரிகையிலும் அச்செய்தி ஒலிக்கச் செய்யுங்கள்.

தேசபக்தி என்பது தேசப்படத்தை வணங்குவதோடு முடிவதன்று. தேசத்தின் மண்ணை மிதித்து, அதன் ஆறு பிறக்கும் இடத்தைக் கண்டு, அங்கே வாழும் சகோதரனின் முகத்தை அறிந்தவனே அதைக் காக்க முன்வருவான். சென்னை நகரத்துப் பிள்ளை ஒருவன் புல்வெளியில் நின்று, ‘நம் வீட்டுக் குழாய்க்கு நீர் இங்கிருந்தா வருகிறது?’ என்று கேட்கும் நாள், மலைக்கும் நல்ல நாள். நகருக்கும் நல்ல நாள். அடுத்த விடுமுறைக்குள் அதற்கான ஏற்பாட்டை ஒரு சங்கமாவது தொடங்குமானால், இதனை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.